மொட்டை மாடி ஏறாதவர்

“பெத்த அத்தாவ எண்பதடி உசரத்துல ஏத்திட்டு வேடிக்கை பாக்குறியேடா, நீயெல்லாம் ஒரு புள்ளையா?”

கீழேயிருந்து பத்ருன்னிசா போட்ட சத்தம், இரும்புக் கோபுரத்தின் உச்சியில் கூண்டுக்குள் பூட்டப்பட்டிருந்த தௌஃபீக்குக்குத் தெளிவாகக் கேட்டது.

அம்மா கேட்டதில் தப்பே இல்லை என்று அவனுக்கும் தோன்றியது.

டிவி சேனல் நடத்தும் வீர விளையாட்டுப் போட்டி. நான்கு வாரமாகக் கயிறு ஏறி, டயர் உருட்டி, சேற்றில் தவழ்ந்து, லப்பைக்குடிக்காட்டுப் பையன் கடைசி இரண்டு பேரில் ஒருவனாக வந்துவிட்டான். விண்ணப்பத்தில் ‘குடும்பத்தில் ஒருவர்’ என்ற இடத்தில் அத்தாவின் பெயரை எழுதியிருந்தான். சோபாவில் உட்காரவைத்துப் பேட்டி எடுப்பார்கள் என்று நினைப்பு.

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட பள்ளத்துக்கு வரச்சொல்லி, இன்று காலையில்தான் விஷயத்தையே சொன்னார்கள். எதிர்க் கோபுரத்திலிருந்து குடும்பத்து ஆள் சாவியோடு கிளம்பி, ஒரு சாண் அகல இரும்புச் சட்டத்தின் மேல் நடந்து வந்து கூண்டைத் திறக்க வேண்டும். ஐந்து நிமிடம். முடியாது என்றால் கூண்டில் இருப்பவன் சிவப்புக் கொடியை ஆட்டலாம். ஆட்டினால் போட்டியிலிருந்து அவுட்.

அத்தா காதர் பாட்சாவுக்கு துபாயில் ஆபீஸ் வேலை, பதினேழு வருஷமாக. டை கட்டிக்கொண்டு பெரிய கண்ணாடிக் கட்டிடத்துக்கு முன்னால் அவர் நிற்கும் போட்டோ வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. “ஏசியிலேயே இருந்து பழகின உடம்பு” என்று பத்ருன்னிசா தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். லீவில் வந்தால் மனுஷன் மொட்டை மாடிப் படியில்கூடக் கால் வைக்கமாட்டார். பெருநாள் பிறை பார்க்க வீடே மேலே ஓடும்போது, “நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க, நான் நம்பிக்கிறேன்” என்று கீழேயே உட்கார்ந்துவிடுவார்.

லீவில் வந்திருந்த அந்த மனுஷனைத்தான் இப்போது மேலே ஏற்றியிருந்தார்கள்.

“என்னங்க, உங்களுக்கு ஒத்துக்காதுங்க. எறங்கிடுங்க!”

“புள்ள நாலு வாரமா பட்ட பாடு வீணாப் போயிடும் பத்ரு. நான் மெல்லப் போயிட்டு வந்துடறேன்.”

இடுப்பு பெல்ட்டை நீட்டினார், பாதுகாப்புக்குப் பொறுப்பான வெள்ளைச்சாமி. காதர் பாட்சா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல தையல் விட்டிருக்கு. வேற குடுங்க.”

வேறு பெல்ட்டைக் கொடுத்துவிட்டு, “பாய்க்கு பயம் வந்துடுச்சு, சாக்கு தேடுறாரு” என்று பக்கத்து ஆளிடம் சிரித்தார் வெள்ளைச்சாமி.

விசில் ஊதியது. பத்ருன்னிசா கண்களை இறுக்க மூடிக்கொண்டு ஓத ஆரம்பித்தாள்.

முதல் நாலு அடி மளமளவென்று வந்தார். ‘கீழே மட்டும் பாத்துடாதீங்க அத்தா’ என்று தௌஃபீக் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

சரியாக அப்போது பத்ருன்னிசா கண்ணைத் திறந்தாள். “என்னங்க...!”

அந்த அலறலில் அவர் நின்றார். கீழே பார்த்தார்.

அவ்வளவுதான். கால் இரண்டும் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தன. ஒரு கால் சறுக்கியது. கூட்டம் மொத்தமும் “ஐயோ” என்றது. அப்படியே சட்டத்தின் மேல் குந்தி, இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டார். பள்ளத்தில் தேங்கிக் கிடந்த பச்சைத் தண்ணீர் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

பெல்ட் தாங்கும் என்றார்கள். தாங்காவிட்டால்? எவனோ கைதட்டுவதற்காக அத்தாவைக் கொன்றுவிடப் போகிறேனே என்று நினைத்தபோது தௌஃபீக்குக்கு அழுகையே வந்துவிட்டது. கொடியைக் கையில் எடுத்தான்.

“அத்தா, வேணாம்! திரும்பிடுங்க, நான் கொடிய ஆட்டிடறேன்!”

“ஆட்டாதடா” என்றார் அவர். தவழ்ந்து ஒரு முழம் நகர்ந்தார். மறுபடி ஆடினார்.

“யா அல்லாஹ்... என்னால பாக்க முடியலையே!” பத்ருன்னிசா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்புறம் அவர் எப்படி வந்தார் என்று தௌஃபீக்குக்கே விளங்கவில்லை. கொடியை உயர்த்தலாமா என்று நினைத்து முடிப்பதற்குள் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

சின்னப் பூட்டு. காற்று வேறு சுழற்றி அடித்தது. சாவி முதல் தடவையிலேயே துளைக்குள் போனது.

கதவு திறந்ததும் அவர் முதலில் செய்த காரியம், மகனுடைய பெல்ட் கொக்கியைக் கூண்டுக் கம்பியில் மாட்டி, இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்த்ததுதான். அதைச் செய்யச்சொல்லி யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

தௌஃபீக் அவரையே பார்த்தான். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

“அத்தா... உங்க கை நடுங்கவே இல்லையே?”

காதர் பாட்சா சட்டைக் காலரில் குத்தியிருந்த மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

“பதினேழு வருஷமா ஆபீஸ்லதான்டா இருக்கேன். கண்ணாடிக்கு வெளிப்பக்கமா. கயித்துல தொங்கி அதைத் தொடைச்சுக்கிட்டு. உள்ளதச் சொல்லியிருந்தா உங்கம்மா ஒரு ராத்திரியாவது தூங்கியிருப்பாளா?”

தௌஃபீக் அவருடைய மறு கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“கண்ணத் தொடைச்சுக்க. அந்தா பாரு, அம்மா முக்காட்ட எடுத்துட்டா. நீயும் கொஞ்சம் நடுங்கிக்கிட்டே எறங்கு.”