ஒழுகாத வேலை

"இந்த வானுக்கு மேல்வேலை செய்தவன் ஆர், பிள்ளை? அந்த அறுவானை ஒருக்கால் எனக்குக் காட்டு!"

வான் வண்டிக்குள் நின்று, மேற்பலகையில் படர்ந்திருந்த ஈரக் கறையைப் பார்த்துக் கத்தினார் ஏரம்பு. சுன்னாகத்தில் கராச் வைத்திருப்பவர். இருபத்தேழு வருடமாக வான்களுக்குக் கூரை வெட்டுகிறார், பலகை அடிக்கிறார். தனக்கு முந்தி வேலை செய்தவனைத் திட்டாமல் ஒரு ஆணிகூடக் கழற்றமாட்டார்.

வானின் சொந்தக்காரி தயாளினி அதன் வாசலில் ஒரு தலையணையோடு நின்றாள்.

"தலகாணியும் நனைஞ்சு போச்சோ?"

"இல்லை அண்ணை, இது புதுசு," என்று அதை முன் சீட்டில் வைத்தாள்.

அந்தப் பச்சை வான் பழையதுதான். கட்டில், காஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் பொருத்தி, கொழும்புக்காரர் ஒருவர் ஊர் சுற்றிய வண்டி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று, முன்பள்ளி வேலையை விட்டுவிட்டுத் தயாளினி அதை வாங்கினாள். பொம்பிளைக்கு என்னத்துக்கு வான் என்று மானிப்பாயில் பாதிச் சனம் சிரித்தது. மீதிச் சனம் அது ஓடாமல் நிற்கும் நாளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"போன மழைக்கு, வாடகைக்கு வந்தவையின்ரை குழந்தை கட்டிலிலை படுத்திருக்க மேலை சொட்டினதாம் அண்ணை. விடியமுன்னமே சாமானைத் தூக்கிக்கொண்டு போயிட்டினம். சனிக்கிழமை இன்னொரு குடும்பம் வருது. திரும்பவும் ஒழுகினா, வானை வித்துப்போட்டு நான் வீட்டிலை குந்தவேண்டியதுதான்."

"பயப்பிடாதை. சொட்டுற இடத்திலை தேடினா ஆயுசு முழுக்கத் தேடலாம். தண்ணி பூருற இடம் வேறை, சொட்டுற இடம் வேறை. நீ மேலை ஏறி, முன்பக்கத்திலையிருந்து மெல்ல மெல்லத் தண்ணியை அடி. நான் உள்ளையிருந்து பாக்கிறன்."

ஏரம்பு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பக்கத்தில் கிடந்த பலகைத் துண்டில் ஒரு பிள்ளையார் சுழி போட்டார். அது போடாமல் அவர் எந்த வேலையும் தொடங்கியதில்லை.

தயாளினி ஏணியில் நின்று குழாயால் தண்ணீர் அடித்தாள். முன்பக்கம் ஒழுகவில்லை. பக்கங்களும் ஒழுகவில்லை. நடுக்கூரையில் காற்றுக்காக வெட்டி வைத்த மூடியில் தண்ணீர் பட்டதுதான் தாமதம், உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"நிப்பாட்டு, நிப்பாட்டு! பிடிச்சிட்டன்!"

மூடியைச் சுற்றிப் புகுந்த தண்ணீர், மேற்பலகைக்குப் பின்னால் ஓடிப்போய், கட்டிலுக்கு நேரே சொட்டிக்கொண்டிருந்தது.

ஏரம்பு கூரையில் ஏறி, திருப்புளியால் மூடியின் ஓரத்தைக் கிண்டினார். கிண்டக் கிண்டக் கோபம் ஏறியது.

"பார் உதை! கீழை றபர் இல்லை. ஊத்தையைத் துடைக்காமல் அதுக்கு மேலை சிலிக்கனை அப்பி வைச்சிருக்கிறான். ஆணியெல்லாம் கறள் பிடிச்சு இத்துப்போய்க் கிடக்கு. உவன் வேலைகாரனோ? பின்னேரம் வானை எடுக்க வருவாங்கள் எண்டு அவசர அவசரமா அப்பிப்போட்டு விட்டிருக்கிறான். வெயிலுக்கை ஒழுகாதுதானே!"

"அப்பிடிப்பட்டவனை என்ன செய்யலாம் அண்ணை?"

ஏணியில் நின்றபடி தயாளினி கேட்டாள்.

"அடிக்கப்படாது. அடி கெதியா ஆறிப்போம்," என்றார் ஏரம்பு, நீதவான் மாதிரி. "அவனைக்கொண்டே எல்லாத்தையும் கழட்டுவிக்கவேணும். சுரண்டித் துடைச்சு, றபர் வைச்சு, அவனே திரும்பப் பூசவேணும். பூசினாப் பிறகு, முதல் மழைக்கு உந்தக் கட்டிலிலை அவனையே படுக்கவைக்கவேணும். அப்பதான் ஒழுங்காப் பூசுவான்!"

"உண்மையாத்தான் சொல்லுறியளோ?"

"பின்னை என்ன பகிடியே? ஒரு குழந்தைப்பிள்ளை படுக்கிற கட்டில்! எனக்கெண்டா வயிறு பத்தியெரியுது."

"எனக்கும்தான் அண்ணை."

அவர் இறங்கி மறுபடி உள்ளே வந்தார். பலகை உக்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். திருகாணியில் திருப்புளியை வைத்தவர் நிறுத்தினார். ஆணி விரலால் திருப்பவே கழன்று வந்தது.

"இப்ப கிட்டடியிலைதான் உந்தப் பலகையை ஆரோ கழட்டிப் பாத்திருக்கினம்."

தயாளினி கைவிளக்கை எடுத்துப் பிடித்தாள்.

பலகை கழன்று அவர் கையில் வந்தது. அதைப் புரட்டினார். ஈரம் பட்ட பக்கம் கறுத்து உக்கிப் போயிருந்தது. காய்ந்த மூலையில் மட்டும் பென்சில் எழுத்து அழியாமல் இருந்தது. முதலில் ஒரு பிள்ளையார் சுழி. அதன் கீழே, "ஏரம்பு கராச், சுன்னாகம்."

ஏரம்பு பலகையைப் பிடித்தபடியே வானைச் சுற்றி ஒருதரம் பார்த்தார்.

"இது... நான் கூரை வெட்டின அந்த வெள்ளைப் பள்ளிக்கூட வானே?"

"ஓம் அண்ணை. கொழும்பிலைதான் பச்சை அடிச்சுக் கட்டில் போட்டவை. றபரும் சிலிக்கனும் புது ஆணியும் வாங்கி வைச்சிருக்கிறன்."

சொல்லிவிட்டு, முன் சீட்டிலிருந்த தலையணையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நாளைக்கு மழையாம்."