மூடும் பக்கம்

"சந்தை முனை வால்வு எந்தப் பக்கம் திருப்பினா மூடும், வாயாடி?"

அன்று காலை பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டே அண்ணி கேட்டாள்.

நான் வாயே திறக்கமாட்டேன். அதனால் அந்தப் பெயர். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே அவள் வைத்தது.

அவளுடைய நீலச் சட்டைப் பையில் அவள் பெயரை நூலால் தைத்திருந்தார்கள். அந்தச் சட்டையைத் துவைப்பது நான்தான். ஒவ்வொரு முறையும் பெயரின்மேல் மட்டும் இரண்டு மடங்கு சோப்புப் போட்டுத் தேய்ப்பேன். போகவில்லை.

அண்ணி இப்போது பார்ப்பது அப்பா பார்த்த வேலை. ஊருக்குத் தண்ணீர் திறந்து மூடுகிற வேலை.

கடைசி மூன்று வருடம் அப்பாவுக்குத் தோள்பட்டை தூக்க வரவில்லை. வால்வுகளைத் திருப்பியது நான். தண்ணீர் விடுகிற நேரமும் பள்ளிக்கூடத்தின் முதல் இரண்டு வகுப்புகளும் ஒன்றாக வந்தன. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன்.

அப்பா இறந்தபின் அந்த இடம் இரண்டு வருடம் காலியாகக் கிடந்தது. அதற்கு முன்பே இன்னும் இரண்டு பேர் ஓய்வு பெற்றிருந்தார்கள். எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்று ஆபீசில் ஒரு வரைபடம்கூட இல்லை. தண்ணீர்த் துறை விளம்பரத்துக்கு மேல் விளம்பரம் போட்டது. பத்தாவது வேண்டும், தொழிற்பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்றது.

அண்ணியிடம் இரண்டும் இருந்தன.

என்னிடம் நாற்பத்து மூன்று வால்வுகள் இருந்தன, கைக்குள்.

இப்போதெல்லாம் அம்மா அவளுக்குத்தான் முதல் டீயைக் கொடுக்கிறாள். நான் திருப்பிய காலத்தில் எனக்கு வைத்தது ஆறிய டீ.

"வலது பக்கம், அண்ணி" என்றேன்.

பொய். மற்ற வால்வுகளெல்லாம் வலது பக்கம் மூடும். சந்தை முனையில் இருப்பது பழையது. அது மட்டும் இடது.

பத்து மணிக்குச் சந்தை முனைக்குப் போனேன். ஏன் போனாய் என்று கேட்டால், பார்க்கத்தான்.

பெரிய குழாய் வெடித்து ரோட்டில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெல்டர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். வால்வை மூடினால்தான் அவர் கை வைக்க முடியும். எஞ்சினியர் டைரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அண்ணி இடுப்பளவு குழிக்குள் இருந்தாள்.

"இந்தப் பொண்ணு திருப்பி இது மூடவா?" என்றார் டீக்கடைக்காரர்.

"நீங்க இறங்குங்கண்ணே. உங்க தொப்பையே குழியை அடைச்சிடும், வால்வே வேண்டாம்" என்றாள் அண்ணி.

கூட்டம் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பின்மேலும் பொறாமை வந்தது. நான் இறங்கிய குழிகளைச் சுற்றி யாரும் நின்றதில்லை.

அண்ணி திருகுசாவியின் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகினாள். வலது பக்கம் சாய்ந்து அழுத்தினாள்.

அசையவில்லை.

முழுதாகத் திறந்திருக்கும் வால்வை அவள் இன்னும் திறக்கப் பார்க்கிறாள். அது எனக்கு மட்டும் தெரியும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வால்வின் தண்டு முறியும். முறிந்தால் தோண்டி எடுத்து மாற்ற நான்கு நாள். பாதி ஊர் காலிக் குடத்தோடு நிற்கும். பதினைந்து நாளில் நிரந்தரமாக வேண்டிய அவள் வேலையும் போகும்.

காலையிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்தக் கடைசி ஒன்றைத்தான்.

தண்டு முனகியது. அந்தச் சத்தம் என் தோளுக்குள் கேட்டது.

"அண்ணி, விடுங்க! இடது பக்கம்! இடது!"

தெருவே திரும்பிப் பார்த்தது.

அண்ணி குழிக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடிதான். அதற்குள் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

குழாயை மாற்றிப் பிடித்து இடது பக்கம் அழுத்தினாள். வால்வு வழிவிட்டது. பத்தொன்பது சுற்று. ரோட்டில் தண்ணீர் மெல்ல இறங்கியது. வெல்டர் எழுந்தார்.

எஞ்சினியர் என்னிடம் வந்தார்.

"நீதான் அந்த நாத்தனாரா? உங்க அண்ணி மூணு மாசமா என் உயிரை எடுக்கிறாம்மா. அவளுக்கு எல்லா வால்வும் தெரியும், சேர்த்துக்கங்க, சேர்த்துக்கங்கன்னு. பத்தாவது இல்லையேன்னு நான்தான் தட்டிக் கழிச்சேன். இப்ப மேலிடமே இறங்கி வந்தாச்சு. ஆள் கிடைக்கலை, வேலை தெரிஞ்சா போதும்னு."

அவர் குழியைக் காட்டிச் சிரித்தார்.

"இன்னைக்கு என்கிட்ட பந்தயம் கட்டிட்டுத்தான் இறங்கினா. என் நாத்தனார் சொன்ன பக்கம்தான் திருப்புவேன், மூடிட்டா அவளுக்கு வேலை கொடுக்கணும்னு."



அவர் குழிக்குள் குனிந்தார். "ஆமா, இடதுன்னு தெரிஞ்ச பொண்ணு உன்கிட்ட ஏன் வலதுன்னு சொன்னா?"

"அவ சரியாத்தான் சொன்னா, சார்" என்றாள் அண்ணி. "நான்தான் மறந்துட்டேன்."

எஞ்சினியரின் சிரிப்பு நின்றது. டைரியைத் திறந்து, அண்ணியின் பெயரைத் தேடி, அவள் மறந்ததை அதற்கு எதிரே எழுதிக்கொண்டார். என்னிடம், "திங்கட்கிழமை வந்துடும்மா" என்றார்.

நான் ஓடிப்போய்க் குழிக்குள் கையை நீட்டினேன்.

அண்ணி அதைப் பிடிக்கவில்லை. குழியின் சுவரில் கால் வைத்துத் தானே ஏறினாள். முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டாள். என் பக்கம் திரும்பாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்துபோனாள்.