தாழ்ப்பாள்

கதவை மறுபடியும் தட்டினார்கள். அவள் சட்டென்று அடுப்பை அணைத்து, மகளின் வாயைப் பொத்தி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். குளியலறை வாசலில் கணவன் பாதிச் சவரம் செய்த முகத்தோடு அசையாமல் நின்றான்.

“வீட்டுல யாருங்க?” என்றது வெளியே ஒரு குரல். பிறகு அவன் பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்து, நிறுத்தி நிதானமாக வாசித்தது.

போன வாரம் ஒரு தடவை, முந்தாநாள் ஒரு தடவை, இன்றைக்கு இது மூன்றாவது. கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ் தெரிந்தது.

“ஒருத்தர்தாங்க வந்திருக்காரு” என்று கிசுகிசுத்தாள்.

“என்னைப் புடிச்சுட்டுப் போக ஒருத்தன் பத்தாதா? நான் என்ன குஸ்தி பயில்வானா?” என்றான் அவன், உதடு அசையாமல்.

வெளியே பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஏதோ எழுதுகிறார். பிறகு பூட்ஸ் திரும்பிப் படியிறங்கிப் போயிற்று.

“பேரைக் குறிச்சுக்கிட்டுப் போறான் பாரு.”

அதற்கப்புறமும் பத்து நிமிடம் யாரும் அசையவில்லை. கீழ்வீட்டுச் சமையல்காரர் பட்டதைப் பார்த்த பிறகு எப்படி அசைவார்கள்? தங்கும் அனுமதி முடிய இரண்டு நாள் பாக்கி இருக்கும்போதே குடியேற்றத் துறைக்காரர்கள் வந்து அவர் கதவைத் தட்டினார்கள். மனிதர் பல் துலக்கிக்கொண்டே போய்த் திறந்தார். வாயிலிருந்த நுரையைத் துப்பக்கூட விடாமல் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

அன்றைக்கே இந்த வீட்டில் சட்டம் போட்டாயிற்று. யார் தட்டினாலும் தாழ்ப்பாளில் கை வைக்கக் கூடாது. கைபேசி எண்ணையும் கையோடு மாற்றிவிட்டான்.

இன்று மாலை ஐந்து மணிக்கு அவர்களுடைய தற்காலிக அனுமதியும் முடிகிறது. நிரந்தரமாகத் தங்க ஏழு மாதம் முன்பு கொடுத்த விண்ணப்பத்துக்கு ஒரு வரி பதிலில்லை. காலையும் மாலையும் கீழே போய்த் தபால் பெட்டியைத் துழாவுகிறாள். விளம்பரத் தாள்தான் கைக்கு வருகிறது. ஐந்து மணிக்குள் ஏதாவது செய்யாவிட்டால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இலவச சட்ட உதவி மையத்தில் பதினோரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். மூன்று நாளாகக் கோப்பைத் தயார் செய்தவள், கடைசியாக ஒரு தடவை தரையில் பரப்பினாள்.

“வாடகை ஒப்பந்தம்?”

“இருக்கு.”

“பாப்பா ஸ்கூல் சர்டிபிகேட்?”

“இருக்குங்க. என் லாண்டரி சம்பளச் சீட்டு மாசவாரியா இருக்கு. உங்க பட்டறைச் சீட்டுலதான் கிரீஸ் கறை, தொடைச்சுத் தொடைச்சுப் பாத்தாச்சு, போகவே மாட்டேங்குது.”

“விடு. நான் வேலை பாக்கறேங்கறதுக்கு அதைவிடச் சாட்சி வேணுமா?”

முதலில் அவன் பின்படி வழியாக இறங்கினான். தெரு முனையிலிருந்து அவன் கை காட்டிய பிறகு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் இறங்கினாள்.

வக்கீலம்மா கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். “இவ்வளவு ஒழுங்கா யாருமே கொண்டுவந்ததில்லம்மா. தேதி வரிசைகூடத் தப்பலையே!”

“இஸ்திரி போடற கை, மேடம். மடிப்புக் கலைஞ்சா அவளுக்குத் தூக்கம் வராது” என்றான் கணவன். காலையிலிருந்து அப்போதுதான் அவன் குரல் உரக்க வந்தது.

விண்ணப்ப எண்ணைக் கணினியில் தட்டிய வக்கீலம்மா, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். முகம் மலர்ந்தது.

“எதுக்குத் தம்பி இப்படி வெலவெலத்துப் போய் வந்திருக்கீங்க? உங்க விண்ணப்பத்தை ஒத்துக்கிட்டாச்சே! மூணு பேருக்கும் நிரந்தரமாத் தங்கற அட்டையே தயாராயிடுச்சு, போன வாரமே!”

அவள் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் மகளைத் தலைக்கு மேலே தூக்கி, என்ன சொல்வதென்று தெரியாமல், “அடியே பெரிய மனுஷி, பெரிய மனுஷி” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

“இருங்க, இருங்க” என்றார் வக்கீலம்மா. திரையில் கீழே போய்க்கொண்டிருந்த அவர் விரல் நின்றுவிட்டது.

“என்ன மேடம்?”

“அந்த விலாசத்துல யாரும் இல்லன்னு அட்டை திரும்பிடுச்சு. போன் பண்ணியும் கிடைக்கலையாம். விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டுட்டதா எழுதி முடிச்சுட்டாங்க. அரை மணி நேரம்கூட ஆகலை.”

“அப்பீல் பண்ணலாமில்ல?”

“மறுத்திருந்தா பண்ணலாம், தம்பி. கைவிட்டதா எழுதிட்டா அதுக்கு அப்பீல் கிடையாது. நாட்டை விட்டு வெளிய போய்த்தான் முதல்லருந்து ஆரம்பிக்கணும்.”

அவன் மகளை மெல்லக் கீழே இறக்கினான். மனைவி பெஞ்சிலிருந்து பாய்ந்து எழுந்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதே வீட்டுலதான் மேடம் இருக்கோம்! எங்கயும் போகலை. நான்தான் தினம் ரெண்டு வேளையும் தபால் பெட்டியைப் பாக்கறேன், ஒரு துண்டுச் சீட்டு வரலையே!”

வக்கீலம்மா திரையை அவர்கள் பக்கம் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்தார்.

“பெட்டியில போட மாட்டாங்கம்மா. கையில குடுக்கத்தான் தபால்காரர் மூணு தடவை வந்து கதவைத் தட்டியிருக்காரு.”