காது கேட்கும் மீன்

"உன் மீனுக்குக் காது கேக்கலைம்மா. அவ்வளவுதான் விஷயம்."

முதல் வரிசையிலிருந்து பேராசிரியர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. மேடையில் நின்றவள் திரையில் இருந்த தன் மீனின் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் சொன்னால் சொன்னதுதான். மீன் மூளையைப் பற்றிப் பேசக் கூடியிருந்த அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் படித்தவர்களிடம் படித்தவர்கள்.

அவருடைய ஆய்வகத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. "கூட்டத்துல நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லிடு, அந்த வேலை உனக்குத்தான்" என்று முந்தாநாள் போனில் சொல்லியிருந்தார்.

இந்த மாதத்தோடு அவளுடைய தற்காலிக வேலை முடிகிறது. அதற்கப்புறம் அண்ணன் வீட்டு மாடி அறைதான் கதி. அறை என்பதெல்லாம் மரியாதைக்கு. உடைந்த நாற்காலியும் பழைய மெத்தையும் போட்டுவைக்கும் இடம். "மீனைப் பார்த்தது போதும், இனிமே மாப்பிள்ளையைப் பார்ப்போம்" என்று அண்ணி இப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

அவள் மறுபடி விளக்கினாள்.

வரிக்குதிரை மீனின் குஞ்சு. பெயரில்தான் குதிரை, ஆள் அரிசியில் பாதி. அது இருக்கும் கிண்ணத்துக்கு அடியில் டப்பென்று தட்டினால் துள்ளி ஓடும். தட்டிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் அசையாமல் கிடக்கும். காதில் கோளாறு இல்லை. இது எப்போதும் நடப்பதுதானே என்று மூளை கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது.

"அது நீ சொல்றே. மீன் சொல்லணுமே?"

மீன் சொல்லியிருந்தது. கடைசி வீடியோவில் இருந்தது. தட்டலுக்கு அசையாத அதே மீன், அதைவிட மெல்லிய வேறொரு சத்தம் வந்ததும் துள்ளிப் பாயும். செவிட்டு மீன் பாயுமா?

பொத்தானை அழுத்தினாள். வீடியோ ஓடவில்லை.

மறுபடி அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கணினி பார்ப்பவர் ஓடிவந்து ஒரு வயரைப் பிடுங்கிச் செருகினார். வட்டம் சுற்றியது. கூட்டத்தை நடத்தும் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு வருட உழைப்பு. இந்த நேரம் பார்த்தா காலை வார வேண்டும், பாழாய்ப்போன வீடியோ!

டமார்!

பேராசிரியர் மேசையில் ஓங்கி அறைந்திருந்தார்.

"ஒரு வீடியோ ஓட்டத் துப்பில்ல!"

அரங்கம் முழுவதற்கும் தூக்கிவாரிப்போட்டது. கூட்டத்தை நடத்தும் அம்மாளின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. கணினிக்காரர் வயரைக் கீழே போட்டுவிட்டார். இவள் கையிலிருந்த லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளி திரையைத் தாண்டிக் கூரைக்குப் போய்விட்டது.

அப்போதுதான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மூன்று பேரைப் பார்த்தாள். அவருடைய மாணவர்கள். காலையில்தான் அறிமுகமானார்கள்.

மூவரும் அசையவில்லை.

மூத்தவள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள், பேனா நிற்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அதை நிதானமாக விட்டு முடித்தார். மூன்றாமவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று பேராசிரியருக்கு உறைத்திருக்க வேண்டும். சிரிப்பை வரவழைத்துக்கொண்டு பின்பக்கம் திரும்பினார். பூப்போல ஒரு குரலில் கேட்டார்.

"கண்ணுங்களா, யாராவது போய் என்னன்னு பாருங்களேன்?"

மூன்று பேருக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். மூத்தவளின் பேனா எகிறி எங்கேயோ விழுந்தது. யாருடைய தண்ணீர் பாட்டிலோ உருண்டு உருண்டு மேடைக்கு அடியில் வந்து நின்றது.

இவள் அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

யார் எதைச் செருகினார்களோ, வீடியோ ஓடியது. தட்டல், தட்டல், தட்டல். மீன் கிடந்தது. பிறகு அந்தச் சின்னச் சத்தம். மீன் துள்ளிப் பாய்ந்தது. அரங்கம் கைதட்டியது.

"சரி, ஒத்துக்கறேன். செவிடு இல்ல" என்றார் பேராசிரியர். அப்புறம் அதே பூப்போன்ற குரலில், "ஒண்ணாம் தேதி வந்து சேர்ந்துடும்மா."

கிடைத்துவிட்டது. எந்த வார்த்தைக்காக நான்கு வருடம் தவம் கிடந்தாளோ, அது ஊரறியக் கிடைத்துவிட்டது.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மூத்தவள் குனிந்து பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

காலையில் டீ குடிக்கும்போது அந்த மூத்தவளிடம்தான் கேட்டிருந்தாள், சார் எப்படி என்று.

"பழகிட்டா ஒண்ணும் தெரியாது" என்று மூத்தவள் சொன்னாள். மற்ற இருவரும் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அது நல்ல வார்த்தையாகத்தான் பட்டது.

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்து அரங்கம் சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. கை மேசைமேல் விரிந்தபடி இருந்தது.

மேடையை விட்டு இறங்கி, வெளியே நடைக்கூடத்துக்கு வந்தாள். விரல்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. நல்லவேளை, நடுங்குகிறதே என்று இருந்தது அவளுக்கு. அந்த விரலாலேயே தட்டுத்தடுமாறி அண்ணிக்குச் செய்தி அனுப்பினாள்.

"மாடி ரூமை ஒழிச்சு வைங்க அண்ணி. வரேன்."