முதலில் எந்தப் பூட்டு

பிற்பகல் வெயில் கணினித் திரையில் விழுந்து எழுத்துகளை வெளிற வைக்கிறது. நிரலாளர்களுக்கான கையேடுகளை எழுதும் அவள் எழுந்து சன்னலை மறைக்கவில்லை. காலையில் ஒரு மருத்துவமனையில் நாடித்துடிப்பைக் காட்டும் கருவிகள் பதினொரு நிமிடம் உறைந்து நின்றுவிட்டன. உள்ளே இயங்குதளத்தில் இரண்டு வேலைகள், ஒரே தரவில் ஒருசேரக் கைவைக்காமல் தடுக்கும் பூட்டுகளில் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு, மற்றதன் பிடியிலிருந்த பூட்டுக்காகக் காத்துக் கிடந்திருக்கின்றன. அந்தக் கருவிகளுக்கான நிரலை எழுதியவன் அவள் மேசையருகே நின்று, காகிதக் கோப்பையின் விளிம்பை நகத்தால் பிய்த்துக்கொண்டிருக்கிறான். "உங்க கையேட்டைப் பாத்துத்தானேக்கா எழுதினேன். மொதல்ல பட்டியல் பூட்டு, அப்புறம் சாதனப் பூட்டுன்னு போட்டிருந்துச்சு." "அப்படிப் போட்டிருக்க மாட்டேனே," என்றபடி அவள் பக்கத்தைத் திறக்கிறாள். போட்டிருக்கிறாள். இயங்குதளம் பூட்டும் வரிசைக்கு நேர் எதிராக, தடித்த எழுத்தில், 'எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்' என்ற எச்சரிக்கையோடு. கோப்பை பிய்யும் சத்தம் நிற்கிறது. "சத்தமில்லாம மாத்திடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?" அவள் பக்கத்தின் அடிக்கு இறங்குகிறாள். அங்கே வாசித்தவர்களின் குறிப்புகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, நாற்பத்தொன்று. முதல் குறிப்பில் விரலை வைக்கிறாள்: "மிகத் தெளிவு. அப்படியே எழுதிவிட்டேன், நன்றி."