லைன் சரியில்லை

நெட் ஆபீசுக்குள் நுழையும்போதே நெட்காரனைப் பார்த்துக் கத்தினேன். வீட்டுக்காரி பின்னால் வந்து வாசலோரம் உட்கார்ந்தாள்.

"என் மகன் முகம் தெரிஞ்ச உடனே கட்டாகுது. என்னய்யா லைன் தர்றீங்க?"

"ஐயா, நாங்க மூணு பெரிய கம்பெனிகிட்ட லைன் வாங்குறோம். உங்க மகன் இருக்குற நாட்டுக்குப் போற லைனை மட்டும் நேத்தே ரெண்டாவது கம்பெனி வழியா திருப்பிட்டேன்."

"மூணு பேரை வச்சும் நாலு வார்த்தை பேச வழியில்ல. மூணாவதுல போடு."

"அவரைத் திட்டாதீங்க, பாவம்," என்றாள் அவள்.

வழியை மாற்றிவிட்டு, கூப்பிடச் சொன்னான். அவளிடம் போனைக் கொடுத்தேன். மகன் முகம் வந்தது. "சாப்பிட்டியாப்பா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் போய்விட்டது. அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெட்காரன் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். பிறகு என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய்க் காதோடு சொன்னான்.

"தப்பா நினைக்காதீங்கய்யா. மூணு லைனும் நல்லாத்தான் இருக்கு. உங்க மகன் பக்கம்தான் போனை கட் பண்றாங்க."

"அது எனக்குத் தெரியும்யா. இன்னொரு கம்பெனிகிட்ட லைன் கேட்டிருக்கேன்னு அவளுக்குக் கேக்குற மாதிரி சத்தமா சொல்லு."