பெட்டியின் பெயர்

"பேரைச் சொல்லு" என்று நாலாவது முறையாகக் கேட்டான் முகமூடிக்காரன். அக்காவின் கீழுதடு கிழிந்து, ரத்தம் தாடை வழியாகச் சட்டைக் காலரில் இறங்கிக்கொண்டிருந்தது.

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

கன்னத்தில் விழுந்த அறையில், கட்டிப்போட்டிருந்த நாற்காலியோடு சாய்ந்தாள். அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, நாற்காலியை மறுபடி நிமிர்த்தி வைத்தான்.

இரண்டடி தள்ளி இன்னொரு நாற்காலியில், எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடுகிறவன் கட்டிப்போடப்பட்டிருந்தான். முகமூடிக்காரன் கேட்பது எந்த ஆளின் பெயரையும் அல்ல. இன்னும் கடைக்கு வராத ஒரு வீடியோ கேம் பெட்டியின் பெயரை.

அந்தக் கம்பெனியில் பெயர் வைக்கும் பிரிவுக்கு அவள்தான் தலைவி. வாட்ச்மேன் முதல் முதலாளி வரை அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லி ஏழு வருஷமாக அவளுக்கு அடுத்த இடத்தில் இருந்தான். லீவு நாள் மத்தியானம், புதுப் பெட்டியின் பெயரைப் பற்றிப் பேச இருவர் மட்டும் ஆபீசில் வந்து உட்கார்ந்தபோதுதான் முகமூடிக்காரன் உள்ளே நுழைந்தான்.

பெயர் விஷயத்தில் அவர்கள் ஏற்கெனவே சூடு பட்டவர்கள். போன பெட்டியின் பெயரோடு முதலாளி பிடிவாதமாக மூன்று என்ற எண்ணைச் சேர்த்தார். எதிர்க்கம்பெனிக்காரன் தன் பெட்டிக்கு நான்கு என்று வைத்தான். பிள்ளைக்கு வாங்க வந்த அம்மா அப்பாக்கள், மூணைவிட நாலு பெரிசுதானே என்று அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

புதுப் பெட்டிக்கு அக்கா எண்ணே இல்லாமல் இரண்டு பெயர்களைப் பொறுக்கி எடுத்தாள். இரண்டையும் எதிர்க்கம்பெனி முந்திக்கொண்டு பதிவு செய்துவிட்டது. மூன்றாவதும் கைவிட்டுப் போனால் பிரிவையே இழுத்து மூடிவிடுவேன் என்றார் முதலாளி. அதனால் இந்தத் தடவை பெயரை அவள் தாளில்கூட எழுதவில்லை. மனசுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள்.

முகமூடிக்காரன் மேசைமேல் இருந்த மாதிரிப் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். மூடி ஒரு பக்கம், உள்ளிருந்த விசிறி ஒரு பக்கம் தெறித்தன. பிறகு அக்காவின் இடது கைச் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். அது முறிந்த சத்தம் ஒல்லிக்குத் தெளிவாகக் கேட்டது.

ஒல்லியின்மேல் அவன் கை வைக்கவே இல்லை. "நீ பாத்துக்கிட்டே இரு" என்று நாற்காலியை மட்டும் அக்காவின் பக்கம் திருப்பி வைத்தான்.

"இவ்வளவுதானா?" என்று வலியில் முனகிக்கொண்டே கேட்டாள் அக்கா. "சாப்பிட்டுத்தானே வந்தே?"

அவன் ஒரு கணம் நின்றான். பிறகு உடைந்த மூடியை எடுத்து அவள் வாயோடு சேர்த்து அடித்தான். ஒரு பல் தரையில் விழுந்து உருண்டது.

"சொல்லிடுங்கக்கா" என்று கதறினான் ஒல்லி. "உயிரு போனா வராது."

அக்காவின் தலை தொங்கியது. "ரிவாக்" என்றாள்.

"சத்தமா."

"ரிவாக்."

முகமூடிக்காரன் இடுப்பிலிருந்து ஒரு கத்தியை எடுத்து ஒல்லியின் மடியில் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான்.

கட்டை அறுத்துக்கொண்டு, அக்காவைக் காரில் தூக்கிப் போட்டு, ஆஸ்பத்திரிக்குப் பறந்தான் ஒல்லி. போலீசுக்குப் போவோம் என்றதற்கு அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "முதல்ல பேரைப் பதிவு பண்ணுவோம். நாளைக்குக் காலையில நானே போறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

அவளை உள்ளே கொண்டுபோனதும், கார் நிறுத்தும் இடத்துக்கு வந்து போனை எடுத்தான்.

"ஆள் அனுப்பினது நீங்களா?" என்றான் எடுத்த எடுப்பில். "பெட்டிக்கு வெச்ச ரெண்டு பேரையும் நான்தானே குடுத்தேன். மூணாவதையும் குடுக்க மாட்டேனா? பொம்பளையப் போட்டு இப்படியா அடிப்பாங்க?"

"எங்களுக்கு எதுக்குய்யா ஆளு? அதான் நீ இருக்கியே" என்றது எதிர்க்கம்பெனிக் குரல். "எவனோ நமக்கு முன்னாடி கை வெச்சிருக்கான். பேரு என்ன?"

ஒல்லி சட்டையைப் பார்த்தான். அவள் ரத்தம் இன்னும் ஈரமாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அவன் யோசித்த ஒரு பெயரை, "இதை நாய்க்குட்டிக்கு வைக்கலாம்" என்று எல்லோர் முன்னாலும் தள்ளியவள் இவள். எதிர்க்கம்பெனிக்குப் போனால் தலைவர் நாற்காலி காத்திருக்கிறது. எப்படியும் எவனோ ஒருத்தன் கைக்குப் பெயர் போய்விட்டது. தான் சொல்வதால் இனி என்ன குறைந்துவிடப் போகிறது?

சொன்னான்.

மறுநாள் காலை பத்தரைக்கு அக்கா கூப்பிட்டனுப்பினாள். ஆஸ்பத்திரி அறையில் கட்டும் வீங்கிய முகமுமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய உருவம், தலையைக் குனிந்தபடி, அவளுக்குக் கரண்டியால் பால் ஊட்டிக்கொண்டிருந்தது.

"பதிவு ஆபீஸ் திறந்ததும் ரிவாக்னு பதிவு பண்ணிட்டாங்களாம், ஒல்லி."

"ஐயோ, இதுவும் போச்சாக்கா?"

"போகலை. நம்ம பேரை அவங்களுக்கு அடுத்ததா நம்ம வக்கீல் பதிவு பண்ணிட்டாரு. ரிவாக் நான் வெச்ச பேரே இல்லை. அடி தாங்காம வாய்க்கு வந்ததைச் சொன்னது. அதைக் கேட்டது என்னைத் தவிர ரெண்டே பேர்."

ஒல்லி கட்டிலை நெருங்கி வந்தான். "அப்போ அந்த முகமூடிக்காரன்தான்க்கா கொண்டுபோய்க் குடுத்திருக்கான், படுபாவி."

பால் ஊட்டிக்கொண்டிருந்தவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். அழுது அழுது அவன் கண்கள் சிவந்திருந்தன.

அக்கா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"இவன் குடுக்க மாட்டான். என் கூடப் பிறந்த தம்பி."